அந்த ஈரல் நாய்க்குப் போகக் கூடாது

விசர்நாய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில், பிள்ளைகள் கயிற்றிலும் பழைய சாரத் துண்டிலும் நாய்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். ஊசி ஏற்றி, அட்டையில் திகதி எழுதி அனுப்பிவிடுவோம். ஊர் நாய் ஒன்று கால்நடை வைத்தியரின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான். அன்றைக்கே அந்த நாய்க்கு நாடாப்புழு மருந்தையும் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. ஆடு மாடு வெட்டுகிற இடத்தில் கட்டி கண்ட ஈரலும் நுரையீரலும் நாயின் வாய்க்குப் போகக் கூடாது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் செய்தால் செலவுதான் மிஞ்சும். ஏன் என்று விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களில் அரச கால்நடை வைத்தியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நாய் வளர்ப்பவர்களிடம் பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டால், "குளிசை குடுத்தாச்சு டொக்டர்" என்று உடனே பதில் வரும். எந்தக் குளிசை என்று விசாரித்தால், அது வட்டப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் உரியதாக இருக்கும். பைரன்டல் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. பிள்ளைகளுக்கு வாங்கிய மெபன்டசோலில் மிச்சத்தை நாய்க்குக் கொடுப்பவர்களும் உண்டு. தெள்ளு மூலம் வரும் நாடாப்புழு விடயத்தில் அதையும் நம்ப முடியாது. நாடாப்புழுவுக்கு வேண்டியது பிராசிகுவான்டல் என்ற மருந்து. நாயின் நிறையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஒரே தடவை.

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் சின்ன மருந்துப் போத்தலோடு வந்தார். மகளின் உள்ளாடையில் வெள்ளையாக ஏதோ ஊர்கிறது, கீரிப்பூச்சி என்று சொல்லித் திரும்பத் திரும்ப மருந்து கொடுத்தாயிற்று, நிற்கவில்லை. "டொக்டர், நாயின்ர வாலடியிலயும் இதே பூச்சிதான் ஒட்டிக்கொண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டா?" என்று கேட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர்தான். பாதி நோயறிதலை அவரே முடித்துக்கொண்டு வந்திருந்தார் என்று சொல்ல வேண்டும். போத்தலில் இருந்தது வெள்ளரி விதை அளவும் வடிவும் கொண்ட ஒரு துண்டு. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நசுக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒரு உறைக்குள் பல முட்டைகளாகப் பொதிபொதியாகக் கிடந்தன. துண்டின் இரண்டு பக்க ஓரத்திலும் ஒவ்வொரு துவாரம். டிபிலிடியம் கனினம் என்ற தெள்ளு நாடாப்புழுவைத் தவிர வேறு எதுவும் அப்படி இருக்காது. பிள்ளையின் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நாய்க்கு மருந்து கொடுத்தேன். அதோடு வீட்டுத் தெள்ளை ஒழிக்கும் வழியையும் நெடுநேரம் சொல்லி அனுப்பினேன். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம்.

நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. நாயின் சிறுகுடல் சுவரில் தலையைப் பதித்துக்கொண்டு, உடம்பின் மேற்புறம் முழுவதாலும் உணவை உறிஞ்சும். தலைக்கு அடுத்த கழுத்துப் பகுதியில் புதுத் துண்டுகள் முளைத்தபடி இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. முதிர்ந்து முட்டையால் நிரம்பிய துண்டு வால் பக்கத்தில் கழன்று விழும். ஆகவே பேதி கொடுத்து முழம் முழமாகப் புழு வெளியே வந்தாலும், தலை உள்ளே இருந்துவிட்டால் சில வாரங்களில் பழையபடி வளர்ந்துவிடும். பிராசிகுவான்டல் புழுவின் மேற்தோலையே சிதைக்கிறது. பிறகு அது குடலுக்குள்ளேயே செரித்துப் போவதால் மலத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "ஒண்டும் விழேல்லை, மருந்து சரியில்லை" என்று எனக்குக் குறை சொன்னவர்கள் பலர். விழாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகாது.

தெள்ளின் பங்கைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். இரத்தம் குடிக்கும் வளர்ந்த தெள்ளு நாடாப்புழு முட்டையை விழுங்க முடியாது. அதன் வாய் உறிஞ்சுவதற்கு மட்டுமே ஏற்றது. நாய் படுக்கும் மணலிலும் சாக்கு மடிப்பிலும் கிடக்கும் தெள்ளின் குஞ்சுப் பருவம்தான் முட்டையைத் தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகும்போது உள்ளே நாடாப்புழுவின் இளம் பருவமும் தயாராகிவிடும். அரிப்பெடுத்து நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளு வாய்க்குள் போகும், இரண்டு மூன்று வாரத்தில் புழு முதிர்ந்துவிடும். பிள்ளைக்கு வந்ததும் அதே வழிதான். நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும்போது ஒரு தெள்ளு வாய்க்குள் போனால் போதும். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துச் சாக்கை மாற்றாமல் விட்டால் அடுத்த மாதமே வெள்ளைத் துண்டுகள் திரும்பி வரும்.

இனி மலப் பரிசோதனைக்கு வருவோம். உப்புக் கரைசலில் மலத்தைக் கலக்கி மேலே மிதக்கும் முட்டைகளைப் பார்ப்பது எங்கள் வழக்கமான முறை. கொக்கிப்புழுவுக்கு அது நல்ல முறை. நாடாப்புழு முட்டைகளோ துண்டுக்குள் அடைபட்ட நிலையில்தான் வெளியேறும், மலம் முழுவதும் பரவி இராது. அதனால் குடல் நிறையப் புழு இருக்கும் நாய்க்கும் "புழு இல்லை" என்ற முடிவு வரலாம். அப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். வாலைத் தூக்கி மயிரடியைப் பார்ப்பதும், நாய் படுத்த இடத்தில் காய்ந்த துண்டுகளைத் தேடுவதும், மலவாயைச் சுற்றி ஒட்டும் டேப்பை வைத்து எடுத்து அதைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பதும் செலவில்லாத வழிகள். அவை பல தடவை ஆய்வுகூடத்தை முந்தியிருக்கின்றன.

தெள்ளு நாடாப்புழு தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. என் கவலை மற்றதைப் பற்றியது.

கிண்ணியாவில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த ஒரு நானாவோடு எனக்கு நல்ல பழக்கம். ஆட்டின் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வில் தண்ணீர் நிறைந்த மெல்லிய பை ஒன்று தொங்கினால், உடையாமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குக் காட்டுவார்.

"இது ஆட்டுக்கு என்ன செய்யும் டொக்டர்?"

"வளர்ந்த ஆட்டுக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது நானா."

"மனுசனுக்கு?"

"இதால மனுசனுக்கு வருத்தம் வராது."

"அப்ப நாய்க்குப் போட்டா என்ன?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெட்டுகிற இடத்தைச் சுற்றி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாய்க்கு ஒரு துண்டு எறிவது இரக்கத்தால் செய்வது. அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். உட்பக்கமாக மடிந்திருக்கும் நாடாப்புழுத் தலை அது. நாய் தின்றால் அந்தத் தலை வெளியே நீண்டு குடலில் பிடித்துக்கொள்ளும். டேனியா ஹைடாடிஜினா என்ற அந்தப் புழு மீட்டர் கணக்கில் வளரக்கூடியது. அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுந்து, புல்லை மேயும் ஆட்டின் வயிற்றுக்குப் போய், ஈரலைத் துளைத்துக்கொண்டு சென்று மறுபடி பையாகும். குட்டிகளில் ஒரே நேரத்தில் நிறையப் புழுக்கள் ஈரலைத் துளைத்தால் குட்டி செத்தும் போகும். பிரெட்ரிக் கோட்டையிலும் கடற்கரை வீதியிலும் திரியும் புள்ளிமான்களும் நாய் மலம் கிடக்கும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. ஆட்டுக்கு வருவது அவற்றுக்கும் வரும்.

அதோடு முடிந்தால் இது கால்நடை வளர்ப்பவர்களின் பிரச்சினையாக மட்டும் இருந்துவிடும். ஆனால் ஈரலிலும் நுரையீரலிலும் வரும் இன்னொரு கட்டி இருக்கிறது. தடித்த வெள்ளைச் சுவர், உள்ளே தெளிந்த நீர், அடியில் மணல் போன்ற பொடி. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு புழுத் தலை. எகைனோகொக்கஸ் கிரானுலோசஸ் என்ற புழுவின் நீர்க்கட்டி அது. மாட்டிலும் எருமையிலும் ஆட்டிலும் வரும். நாயின் குடலில் இந்தப் புழு 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளம்தான். மூன்று நான்கு துண்டுகளுக்கு மேல் இராது. ஒரு நாயில் ஆயிரக்கணக்கில் இருக்கும், நாயோ வாலை ஆட்டிக்கொண்டு கொழுகொழுவென்று நிற்கும். வாலடியில் துண்டும் தெரியாது. மனிதன் அந்த முட்டையை விழுங்கினால் மாட்டுக்கு வந்த அதே கட்டி அவனுடைய ஈரலிலோ நுரையீரலிலோ வளரத் தொடங்கும். பல வருடங்கள் சத்தமில்லாமல் வளர்ந்து, பக்கத்து உறுப்புகளை அழுத்தத் தொடங்கும்போதுதான் தெரியவரும். உள்ளே வெடித்தால் உயிரே போகலாம்.

இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கட்டி உள்ள ஈரலைச் சாப்பிட்டால் இந்த நோய் வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி வராது. மனிதனுக்கு வருவது நாயின் மலத்தில் உள்ள முட்டையால். நாயின் மயிரில் ஒட்டியிருக்கும், முற்றத்து மண்ணில் கிடக்கும், கழுவாத கீரையில் இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் சுடுமணலில் காய்ந்து கெட்டுப்போகும் முட்டைகள், வாடை மழை தொடங்கிவிட்டால் ஈரத்தில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். கட்டி கண்ட ஈரலை வாங்க மாட்டேன் என்று கடையில் சண்டை பிடிப்பவர், அதே ஈரலைக் கடைக்காரர் நாய்க்கு எறிவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் போகிறார். சண்டை பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

சோதனையிலும் இந்தப் புழு ஏமாற்றும். நாயின் மலத்தில் டேனியா முட்டையும் எகைனோகொக்கஸ் முட்டையும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே இருக்கும். வரிவரியான தடித்த ஓடு, உள்ளே ஆறு கொக்கிகள். எந்த நிபுணராலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் அப்படி ஒரு முட்டை தெரிந்தால் அதை ஆபத்தான புழு என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று இளம் வைத்தியர்களுக்குச் சொல்வேன். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் மலத்தில் புழுவின் புரதத்தைத் தேடும் எலைசா சோதனையோ பி.சி.ஆர். சோதனையோ தேவை. அதற்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் போன்ற இடங்களைத்தான் நாட வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனைகள் வருவதற்கு முன் உலகம் முழுவதும் பயன்பட்டது எங்கள் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கு. பாக்கில் உள்ள அரகோலின் என்ற பொருளை நாய்க்குக் கொடுத்தால் புழு பிடி தளரும், நாய்க்குக் கடுமையான பேதி போகும். அந்தப் பேதியைக் கறுப்புத் தட்டில் விட்டுக் கழுவி அந்த மில்லிமீட்டர் புழுக்களைத் தேடினார்கள். நாய்களுக்குப் பெரும் வேதனை, எடுப்பவருக்கும் ஆபத்து. அந்த முறை போனது நல்லதுதான்.

ஒரு புழுவின் ஒரு பருவத்தை மட்டும் கண்டுவிட்டு மிச்சக் கதையை நாமே முடித்துவிடக் கூடாது என்பதற்குத் திருகோணமலையோடு தொடர்புள்ள ஒரு பழைய உதாரணம் உண்டு. இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர் எட்வர்ட் கெலார்ட் இங்கே பணியாற்றியபோது இந்தக் கடலின் உயிரினங்களை ஆராய்ந்தார். 1857இல் முத்துச்சிப்பியைப் பற்றி ஆராயும்படி அரசாங்கம் அவரைக் கேட்டது. சிப்பிகளைத் திருகோணமலையில் உயிரோடு வைத்துப் பார்த்தார். சிப்பிக்குள் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு முத்து உருவாவதில் பங்கு உண்டு என்று 1859இல் சுவிஸ் விலங்கியலாளர் ஹம்பர்ட்டோடு சேர்ந்து முடிவுக்கு வந்தார். அடுத்த வருடம் கெலார்ட் இறந்துவிட்டார். 1902இல் லிவர்பூலிலிருந்து வந்த ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல்லோடு சேர்ந்து மன்னார்க் கடலின் சிப்பிகளை ஆராய்ந்தார். முத்தின் நடுவில் இருப்பது நாடாப்புழுவின் இளம் பருவம், அது மீன் வழியாகத் திருக்கையின் வயிற்றுக்குப் போய் முதிர்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். ஹோர்னெல் இங்கே தம்பலகாமம் குடாவுக்கும் வந்து, அங்குள்ள தட்டைச் சிப்பியின் முத்துக்குளிப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ரோயல் சொசைட்டி ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட ஹெர்ட்மனின் அறிக்கை உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1912இல் ஜேம்சன் என்ற ஆய்வாளர் இலங்கை முத்துகளை அறுத்துப் பார்த்து, அந்தக் கொள்கைக்குச் சான்று போதாது என்று காட்டினார். சிப்பிக்குள் புழு இருந்தது உண்மை. அதுதான் முத்தை உண்டாக்கியது என்பதும், சிப்பியிலிருந்து திருக்கை வரை அது போன பாதையும் கண்ணி கண்ணியாக நிரூபிக்கப்படவில்லை.

அந்த ஆய்வாளர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. புழுவைப் பார்த்தவுடன் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்று கேட்டார்கள். கொட்பே துறைமுகத்தில் மீன் அறுப்பவர்களும் சதைக்குள் வெள்ளையாக இருக்கும் புழுவைக் காட்டி அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்பார்கள். சுறாவிலும் திருக்கையிலும் முதிரும் நாடாப்புழுக்களின் இளம் பருவம் அது, சமைத்த மீனால் பயமில்லை என்று சொல்வேன். ஈரலில் கட்டியைக் கண்டால் மட்டும் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போகிறோம்.

மருந்து வருவதற்கு முன்பே இந்த நோயை ஒரு தீவு ஒழித்துக் காட்டியிருக்கிறது. 1863இல் டென்மார்க் விஞ்ஞானி ஹரால்ட் க்ராபே ஐஸ்லாந்துக்குப் போய் நூறு நாய்களை அறுத்துப் பார்த்தார். இருபத்தெட்டில் நீர்க்கட்டிப் புழு இருந்தது. மறுவருடம் ஒரு சிறு நூல் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். கட்டி உள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி என்பதுதான் அதன் சாரம். பிறகு சட்டமும் வந்தது. ஓரிரு தலைமுறைக்குள் அந்த நாட்டில் புதிதாக நோய் தொற்றுவது அருகிப்போய், கடைசியில் நின்றே விட்டது. நியூசிலாந்து 1959இல் தனிச் சட்டம் போட்டு, நாய்களுக்குத் திரும்பத் திரும்ப மருந்து கொடுத்து, 2002இல் தற்காலிகமாக நோயற்ற நாடாகத் தன்னை அறிவித்தது. நாங்களும் ஒரு தீவில் இருப்பவர்கள்தான்.

வருடத்துக்கு ஒரு தடவை மருந்து கொடுப்பதால் மட்டும் இது தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து தின்ற நாய் மறுநாளே கட்டி ஈரலைத் தின்றால், ஆறேழு வாரத்தில் திரும்பவும் முட்டை போடத் தொடங்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். முகாம் நாளில் கொடுக்கும் மருந்து, நாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவைக் குறைக்கும். ஈரலை நிறுத்துவது புதுப் புழு வருவதைத் தடுக்கும். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நாய்கள் வீதியில் எங்களோடு வாழப்போகின்றன என்றால், அவற்றின் வயிற்றைப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு.

இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் 1893இல் இருந்தே இருக்கிறது. உரிமம் பெற்ற மடுவத்தில் வெட்டும் மாட்டைப் பார்ப்பதற்கு ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் பங்குபோட்டு வெட்டும் ஆட்டைப் பார்ப்பவர் யார்? ஹஜ்ஜுப் பெருநாளில் நான் போன பள்ளிவாசல்களில் நிர்வாகத்தார் முன்கூட்டியே ஆழமாகக் குழி வெட்டி, குடலும் கழிவும் ஒன்றுவிடாமல் புதைத்ததைக் கண்டிருக்கிறேன். நாய் தோண்டாதபடி மேலே கல்லும் வைத்தார்கள். அந்த ஒழுங்கு மற்றக் கிழமைகளிலும் வேண்டும். நேர்த்திக்கு ஆடு அறுப்பவர்களுக்கும், பங்கு இறைச்சி பிரிப்பவர்களுக்கும், ஹோட்டல் நடத்துபவர்களுக்கும் இது பொது.

உள்ளூராட்சி மன்றங்களிடம் நான் கேட்பது பெரிய செலவான காரியம் அல்ல. வெட்டும் இடம் ஒவ்வொன்றிலும் மூடியுள்ள ஒரு தொட்டி அல்லது ஆழமான குழி. கட்டி கண்டால் எந்த விலங்கு, எந்த உறுப்பு, எந்த ஊர் ஆடு என்று எழுதும் ஒரு கொப்பி, அதை மாதம் ஒரு தடவை கால்நடை வைத்தியர் வாங்கிப் பார்ப்பது. எழுதத் தொடங்கினால் எந்தக் கிராமத்தில் நாய்க்கு அடிக்கடி மருந்து தேவை என்று ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிடும். நாய்க்கு இறைச்சிக் கழிவு போட்டே ஆக வேண்டும் என்பவர்கள், உறுப்பு முழுவதும் உள்ளே வேகும்வரை நன்றாகக் கொதிக்கவைத்துப் போடலாம். வெந்த கட்டியில் புழு உயிரோடு இராது.

முகாமில் மருந்து கொடுத்த பிறகு ஒரு வேலை வீட்டுக்காரருக்கு உண்டு. பிராசிகுவான்டல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் நாயைக் கட்டி வைத்து, மலத்தைக் கையில் படாமல் அள்ளி ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். நாயைத் தொட்ட பிள்ளை சாப்பிடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. இந்த வரிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அங்கே அச்சடித்துக் கொடுக்கலாம். அடுத்த முகாமுக்கு முன் அது நடக்க வேண்டும்.